பின்சீட்டில் உட்காருபவரைக் கேட்டீர்களா?

வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை, அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 48, மனைவிக்கு 45. இருபது வருடத்துக்கும் மேலாக பைக் ஓட்டுகிறார். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இனி இருவரும் பைக்கிலேயே நெடுந்தூரம் போய்வர வேண்டும் என்பது பல நாள் ஆசை. போன மாதம் முதல் தடவையாக ஒரே நாளில் 320 கிலோமீட்டர் போய்வந்தார்கள். 80 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் மனைவி பின்னால் நெளிய ஆரம்பித்தார். 150-இல் "உட்காருற இடமே மரத்துப்போச்சு" என்றார். வீடு திரும்பிய பிறகு இரண்டு நாள் மர நாற்காலியில்கூட உட்கார முடியவில்லை. வால் எலும்புப் பக்கம் தொட்டாலே வலி. ஓட்டியவருக்கும் தொல்லைதான். பெட்ரோல் டேங்கோடு ஒட்டிக்கொண்டே போனதில் தொடைகளுக்கு நடுவே மரத்துவிட்டது. இறங்கி நடந்த பிறகுதான் உணர்வு திரும்பியது. தன் சீட்டின் முனை சரியில்லை என்று நினைக்கிறார்.

அதன் பிறகு ஒரு ஜெல் பேட் வாங்கிப் பின்சீட்டின் மேல் கட்டினார். முதல் பத்து நிமிடம் "நல்லா இருக்கு" என்ற மனைவி, ஒரு மணி நேரத்தில் முன்பைவிட மோசம் என்றாராம். சீட் விற்பவர் மெமரி ஃபோம் போடச் சொல்கிறார். நண்பரோ, இரண்டு மடங்கு தடிமனில் மென்மையான ஃபோம் வைக்கச் சொல்கிறார். இரண்டு மாதத்தில் 5 நாளில் 1,800 கிலோமீட்டர் போகத் திட்டம். மனைவிக்கு நான்கு வருடம் முன்பு இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, சிகிச்சையில் சரியானது என்பதையும் எழுதியிருக்கிறார். "மனைவி கொஞ்சம் பருமன். வலிக்கு அதுதான் காரணமா? எந்த சீட் வாங்கினால் தீரும்? இவ்வளவு தூரம் போகலாமா? கேட்டால் 'பரவாயில்லை, பழகிடும்' என்கிறாள்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனைவியோடு சேர்ந்து போக வேண்டும், அவருக்கு வலிக்கக் கூடாது என்ற அக்கறை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. சீட் விற்பவர் சொன்னதை ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், நண்பர் சொன்னதை ஒரு பத்தி. வலியை அனுபவித்தவர் சொன்னதாக நாலு சிறு வாக்கியம்தான் இருக்கிறது. அதில் கடைசி வாக்கியம் 'பரவாயில்லை'. நான் இயன்முறை மருத்துவர். முதுகு வலியும் இடுப்பு வலியும்தான் என் அன்றாட வேலை. அதோடு பதினைந்து வருடம் என் கணவருக்குப் பின்னால் பைக்கில் உட்கார்ந்து போனவள். பின்சீட்டில் 'பரவாயில்லை' என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் 'உங்களை நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை' என்றுதான் அர்த்தம். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பழகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. தசைகள் ஓரளவு பழகும். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே நசுங்கும் சதையும் நரம்பும் அப்படிப் பழகுவதில்லை.

முதலில், சீட்டோடு சம்பந்தமில்லாத ஒரு கேள்வி

மரத்துப்போனது எந்த இடம் என்று அவரிடம் சரியாகக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். பிட்டத்தின் அடியில், எலும்பு பதியும் இரண்டு இடங்களில் மட்டும் மரத்து, இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிட்டால், அது உட்கார்ந்த அழுத்தத்தால் வந்தது. பெரிய பயம் இல்லை.

டிஸ்க் பிதுங்கிய அனுபவம் உள்ளவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றி உணர்வு குறைவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அது பைக் சீட் பிரச்சினை அல்ல. தண்டுவடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே, அந்த மணியே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் இந்த நாலு அறிகுறியும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

காலில் மின்சாரம் பாய்வது போல் முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி இப்போது இருந்தாலோ, வால் எலும்பு வலி இன்னும் விடாமல் இருந்தாலோ, சீட்டுக்காகச் செலவழிக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி எங்கே என்பதுதான் சீட்டைத் தீர்மானிக்கும்

'எந்த சீட் நல்லது' என்று கேட்டிருக்கிறீர்கள். செருப்புக் கடையில் போய் 'எந்த அளவு நல்லது' என்று கேட்பதில்லை அல்லவா? அது போலத்தான் இதுவும். வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நாம் நிமிர்ந்து உட்காரும்போது உடலின் மேல்பாதி பாரம் இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு குமிழ்களில் இறங்குகிறது. கடினமான பலகையில் உட்கார்ந்து, கையை அடியில் வைத்துப் பார்த்தால் தட்டுப்படும். உட்காரும் எலும்பு என்று வைத்துக்கொள்வோம். அங்கே வலித்தால், சீட் அந்த எலும்புகளைச் சரியாகத் தாங்கவில்லை. ஒன்று குறுகலாக இருக்கிறது, அல்லது ஃபோம் அடிவரை அமுங்கிவிடுகிறது.

உங்கள் மனைவி காட்டியிருப்பது வேறு இடம், வால் எலும்பு. நிமிர்ந்து உட்கார்ந்தால் வால் எலும்பு சீட்டில் பெரிதாகப் பதியாது. இடுப்பு பின்பக்கமாகச் சரிந்து, முதுகு கூன் போட்டால்தான் பாரம் அங்கே போகும். பின்சீட்டில் இப்படிச் சரிவதற்கு வழக்கமான காரணம் சீட்டே அல்ல, ஃபுட்ரெஸ்ட். அது சீட்டுக்கு மிக நெருக்கமாக, உயரமாக இருந்தால் முழங்கால் மேலே தூக்கும். முழங்கால் தூக்கினால் இடுப்பு பின்னால் உருளும். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு நிமிடத்தில் புரியும். அவருக்குப் பின்சீட்டில் நடப்பது அதுதான் என்று சந்தேகிக்கிறேன். டிஸ்க் தொல்லை வந்தவருக்குக் கூன் போட்ட நிலை இரட்டைக் கெடுதல். குனிந்து சரிந்து உட்காரும்போது டிஸ்க்கின் மேல் அழுத்தம் கூடுகிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தொடைகளுக்கு நடுவே மரத்ததற்குச் சீட் முனையைக் குறை சொல்கிறீர்கள். நான் உங்கள் பின்சீட்டைத்தான் சந்தேகப்படுகிறேன். நிறைய பைக்குகளில் பின்சீட் முன்பக்கமாகச் சரிந்திருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் கொஞ்சம் வழுக்கி உங்கள் மேல் வருகிறார். நீங்கள் டேங்க் பக்கம் நகர்கிறீர்கள். சீட் குறுகி எழும்பும் அந்த முனையில் உங்கள் பாரம் ஏறுகிறது. அங்கே இடுப்பின் அடித்தளத்துக்குப் போகும் நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. அவை நசுங்கினால் மரக்கும். ஆக, உங்கள் மரமரப்பும் அவருடைய வலியும் ஒரே சரிவிலிருந்து கிளம்பியிருக்கலாம். பின்சீட்டை மட்டப்படுத்தினால் இரண்டுமே குறைய வாய்ப்பிருக்கிறது. அதற்குப் பிறகும், இறங்கி நடந்தும் உங்களுக்கு உணர்வு திரும்பத் தாமதமானால் மருத்துவரைப் பாருங்கள். ஆண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

மெத்தென்று இருப்பது வேறு, தாங்குவது வேறு

மென்மையான சீட்தான் சொகுசு என்ற எண்ணத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் நண்பரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த யோசனையை ஏற்காதீர்கள்.

மென்மையான ஃபோமில் உட்கார்ந்ததும் உடல் அமிழ்கிறது, சுகமாக இருக்கிறது. அரை மணி, முக்கால் மணி போனதும் எலும்புக்கு நேர் கீழே இருக்கும் ஃபோம் முழுக்க நசுங்கிவிடும். அப்புறம் நீங்கள் ஃபோமில் உட்கார்ந்திருக்கவில்லை. அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அழுத்தி மூடச் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும் என்பது நாங்கள் படித்த பழைய பாட அளவு. எலும்பு முனைக்குக் கீழே அழுத்தம் அதை எளிதாகத் தாண்டிவிடும். இரத்த ஓட்டம் குறைந்த சதை முதலில் எரியும், பிறகு வலிக்கும், பிறகு மரக்கும். உங்கள் மனைவி நெளிய ஆரம்பித்தாரே, அது உடல் தானாகச் செய்த சிகிச்சை.

குலுங்கலையும் சேர்த்துப் பாருங்கள். நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வுக்குத்தான் மனித உடல் அதிகம் துலங்குகிறது. முதுகெலும்பின் இயல்பான ஆட்டமும் அந்த எல்லையில்தான் இருக்கிறது. தடிமனான, தளதளவென்ற ஃபோம் அதே வேகத்தில் ஆடி, சாலையின் குலுங்கலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடக் கூடும். இரண்டு மடங்கு தடிமன் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

ஃபோம் வாங்கும்போது அடர்த்தியும் கடினமும் இரண்டு தனிக் குணங்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது அடர்த்தி. அது எவ்வளவு நாள் உழைக்கும், எவ்வளவு சீக்கிரம் தளர்ந்துபோகும் என்பதை அது சொல்லும். அழுத்தினால் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது கடினம். நல்ல அடர்த்தியும் நடுத்தரக் கடினமும் கொண்ட அடிப்பகுதி, அதன் மேல் மெல்லிய மென்மையான அடுக்கு. நெடுந்தூரத்துக்கு இந்த அமைப்புதான் தாங்கும். உட்கார்ந்ததும் 'கொஞ்சம் கெட்டியா இருக்கே' என்று தோன்றினால் பயப்படாதீர்கள்.

மெமரி ஃபோம் உடல் சூட்டுக்கு இளகி வடிவத்துக்கு ஏற்ப அமையும். மேல் அடுக்காக ஓரிரு சென்டிமீட்டர் வைத்தால் நன்று. முழு சீட்டும் அதுவே என்றால் வெயிலில் தளர்ந்து, குளிரில் இறுகி, இரண்டு நேரமும் தொல்லை தரும். ஜெல் அழுத்தத்தைப் பக்கவாட்டில் பரப்பும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில் ஃபோமுக்கு ஈடாகாது. வெயிலில் நின்ற ஜெல் சூட்டை விடாமல் வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே சரிந்த சீட்டின் மேல் ஜெல்லைக் கட்டியதால் அது சரிவை மாற்றவில்லை, ஃபுட்ரெஸ்ட்டையும் மாற்றவில்லை. அதனால்தான் பலன் பத்து நிமிடத்தோடு நின்றது. பேட் மோசம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சீட்டைச் சரிவில்லாமல் சமமாக்கிய பிறகு ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

மேலே போடும் வகைகளில் நான் அதிகம் நம்புவது காற்றறை மெத்தை. சக்கர நாற்காலியில் நாள் முழுதும் இருப்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் அதே தத்துவம்தான். சிறு சிறு காற்றறைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். எலும்பு அழுத்தும் இடத்திலிருந்து காற்று மற்ற அறைகளுக்குப் போகும். பெரும்பாலானோர் அதைப் பந்து போல ஊதிவிட்டு, பைக் மேல் மிதக்கிறது, வளைவில் ஆடுகிறது என்று புகார் சொல்வார்கள். ஊதி, அதன் மேல் உட்கார்ந்து, எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி மிஞ்சும் வரை காற்றை வெளியே விட வேண்டும். எதைக் கட்டினாலும் வார்கள் இறுக்கமாக இருக்க வேண்டும். பின்னால் இருப்பவர் வளைவில் பேட்டோடு சேர்ந்து நகர்ந்தால் அது வலியைவிடப் பெரிய ஆபத்து.

ஆட்டுத் தோல் விரிப்பு, மரமணி விரிப்பு, வலைத்துணி உறை எல்லாம் காற்றோட்டத்துக்கு. வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் உராயும் என்பதால் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவை மோசமான வடிவத்தைச் சரிசெய்யா.

பருமன் காரணமா?

இல்லை. இதை மனைவியிடம் சொல்லியிருந்தால் தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். ஒல்லியானவர்களுக்கு எலும்பின் மேல் சதைப்பற்று குறைவு. அவர்கள் சில நேரம் இன்னும் சீக்கிரம் வலியை உணர்வார்கள். கவனிக்க வேண்டியது எடையை அல்ல, உட்காரும் எலும்புகளின் இடைவெளியை. சராசரியாகப் பெண்களுக்கு அது ஆண்களைவிடக் கொஞ்சம் அகலம். நிறைய பைக்குகளில் பின்சீட் பின்னால் போகப் போகக் கூம்பிக்கொண்டே போகும். எலும்புகள் ஓரத்தில் தொங்கும்.

வீட்டிலேயே அளக்கலாம். அலை மடிப்புள்ள பெட்டி அட்டையைக் கடினமான ஸ்டூலில் வைத்து, மெல்லிய உடையோடு அவர் அதன் மேல் உட்காரட்டும். கால்களைச் சற்று உயர்த்தி, முன்னால் லேசாகச் சாய்ந்து அரை நிமிடம். எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளவு பாருங்கள். பெரும்பாலானோருக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். சீட்டின் சமமான பகுதி அந்த இரண்டு பள்ளத்தையும் தாண்டி இருபுறமும் நல்ல இடம் விட்டிருக்க வேண்டும். நீங்களும் அளந்துகொள்ளுங்கள், இருவரின் எண்ணும் ஒன்றாக இருக்காது. ஒரே சீட் இருவருக்கும் பொருந்தும் என்ற எண்ணம் அங்கேயே போய்விடும்.

எடை பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, ஷாக் அப்சார்பர். முன்னால் இருப்பவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கிறார். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறார். சீசாவின் ஓரத்தில் இருப்பவர் அதிகம் தூக்கி எறியப்படுவார், நடுப்பக்கம் தள்ளி இருப்பவருக்குக் குறைவாகத்தான் தெரியும். அதே பள்ளத்தில் இறங்கினாலும் உங்களுக்குத் தெரியாத அடி அவருக்கு விழுகிறது. அதுவும் அவருக்குப் பள்ளம் வருவதே தெரியாது. உங்கள் முதுகுதான் தெரியும். ஒருவர் எடைக்கு வைத்த ஸ்பிரிங்கில் இருவரும் சுமையும் ஏறினால் அது அடிதட்டும். பெரும்பாலான பைக்குகளில் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்க வழி உண்டு. கையேட்டில் இருவர் செல்லும்போது என்ன நிலை, டயர் காற்று எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். இதை முதலில் செய்யுங்கள், காசு செலவில்லாதது. கையேட்டில் மொத்தச் சுமைக்கு ஒரு வரம்பு இருக்கும். இருவர் எடை, உடை, பெட்டி எல்லாம் அதற்குள் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் எந்த சீட்டும் உதவாது, பெட்டிதான் குறைய வேண்டும்.

சரி, எந்த சீட்?

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. மேலே ஒரு காற்றறை மெத்தை போடுவது, இருக்கும் சீட்டின் ஃபோமை வெட்டிச் சேர்த்து மறுவடிவம் செய்வது, உங்கள் பைக்குக்கென்று நெடுந்தூரப் பயணத்துக்காகச் செய்த தயார் சீட்டை வாங்குவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தயார் சீட் யாரோ ஒரு சராசரி உடலுக்கு அச்சு வார்த்தது. உங்களுக்குத் தேவையானது இரண்டு குறிப்பிட்ட உடலுக்கான இரண்டு திருத்தம். அசல் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்னொரு சீட் தளத்தில் வேலை செய்யச் சொன்னால் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம்.

சீட் தைப்பவரிடம் போகும்போது மனைவியும் கட்டாயம் வர வேண்டும். இருவரும் பயண உடையோடு, ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து காட்டுங்கள். தனியாக உட்கார்ந்து பார்ப்பது பாதிச் சோதனைதான். தைப்பவரிடம் சொல்ல வேண்டியவை இவை:

பின்சீட்டின் முன்சரிவை எடுத்து மட்டமாக்க வேண்டும். அகலம் அட்டையில் கண்ட அளவுக்கு வர வேண்டும், ஆனால் தொடையின் உட்புறம் ஓரம் வெட்டாமல் விளிம்பு உருண்டு இறங்க வேண்டும். வால் எலும்பு வரும் இடத்தில் ஒரு ஆழமற்ற வாய்க்கால் விடலாம். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஒரு சிறு படி இருந்தால் பிரேக்கில் அவர் உங்கள் மேல் வருவது நிற்கும். உறை வழுக்காத துணியாக இருக்கட்டும். தையல் கோடு எலும்பு பதியும் இடத்தில் போகக் கூடாது. உறையை மத்தளம் போல இழுத்துக் கட்டினால் அடியில் எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தும் வேலை செய்யாது. இதைத் தைப்பவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

பின்சீட்டை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தினால் ஃபுட்ரெஸ்ட்டுக்கான இடைவெளி கூடும், முழங்கால் இறங்கும், இடுப்பு நிமிரும். அவருடைய வால் எலும்புக்கு இதுவே பாதி மருந்து. ஆனால் மேலே போகப் போகக் காற்றும் அதிகம் அடிக்கும், வண்டியின் பார மையமும் மேலே ஏறும், அதனால் அளவோடு. சில பைக்குகளுக்கு ஃபுட்ரெஸ்ட்டைத் தாழ்த்தும் தாங்கிகள் கிடைக்கின்றன. சைலன்சரிலோ வளைவில் தரையிலோ உரசாமல் இருந்தால் அது இன்னும் நல்லது. முன்சீட்டை உயர்த்துவதாக இருந்தால் நிறுத்தும்போது உங்கள் இரண்டு கால்களும் தரையில் உறுதியாக ஊன்றுகிறதா என்று அவரையும் ஏற்றிக்கொண்டு பாருங்கள். பின்னால் ஆளோடு வண்டி சாய்ந்தால் நுனிக்காலில் பிடிக்க முடியாது.

முதுகுச் சாய்மானம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டிஸ்க் தொல்லை வந்தவருக்கு அவசியம் என்றே சொல்வேன். இடுப்பின் கீழ்வளைவில் மெதுவாகத் தொட வேண்டும், முதுகை முன்னால் தள்ளக் கூடாது. பின்பெட்டியில் பொருத்தும் மெத்தை போதும். பெட்டிக்குள் மட்டும் கனமானதை வைக்காதீர்கள், அது பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. கைப்பிடிக் கம்பியும் கைக்கு எட்டும் இடத்தில் உறுதியாக இருக்க வேண்டும். பிடிப்பு இல்லாவிட்டால் வயிறும் முதுகும் நாள் முழுக்க இறுகியே இருக்கும். மாலையில் வரும் இடுப்பு வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை. சீட்டை, ஃபுட்ரெஸ்ட்டை, கைப்பிடியை மாற்றினால் வண்டியின் உத்தரவாதத்தையோ காப்பீட்டையோ அது பாதிக்குமா, உங்கள் இடத்துப் போக்குவரத்து விதி அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீட் தைப்பவர் வாய்வார்த்தையாகச் சொல்லும் 'ஒண்ணும் ஆகாது' போதாது.

அந்த 1,800 கிலோமீட்டர்

போகலாம். ஆனால் இன்றைய நிலையில் நாளைக்கு 360 கிலோமீட்டர் என்று ஐந்து நாள் தொடர்வது அவருடைய இடுப்புக்கு நியாயமில்லை. சீட் தயாரானதும் முதலில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் 100 கிலோமீட்டர், அப்புறம் 200. புது ஃபோம் படிய நேரம் எடுக்கும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் எங்கே, எத்தனையாவது நிமிடத்தில் வலி தொடங்கியது என்று அவரே ஒரு தாளில் எழுதட்டும். 200 கிலோமீட்டர் போன மறுநாள் காலை நாற்காலியில் வலியில்லாமல் உட்கார்ந்தால் திட்டத்தைத் தொடருங்கள். இல்லாவிட்டால் நாட்களைக் கூட்டுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள்.

வழியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி, ஐந்து நிமிடமாவது நடங்கள். பெட்ரோல் போடும் நேரத்தை ஓய்வாகக் கணக்கு வைக்காதீர்கள், பின்சீட்டில் இருப்பவர் பல நேரம் இறங்குவதேயில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை பாரத்தை மாற்றச் சொல்லிக்கொடுக்கிறோம். அவரும் நேரான சாலையில், உங்களிடம் சைகை காட்டிவிட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றிக் கொஞ்சம் எழும்பி உட்காரலாம். அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து வருவதில் கால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் பயணித்தால் அந்த அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. மொத்தத்தில் அரிதுதான். ஆனால் ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

உடையையும் பாருங்கள். தடித்த ஜீன்ஸின் தையல் முடிச்சு சரியாக உட்காரும் இடத்தில்தான் வரும். சைக்கிள் ஓட்டுபவர்கள் அணியும், தையல் உறுத்தாத மெத்தை வைத்த அரைக்கால் உடையைப் பயணக் கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டால் இருவருக்குமே நிம்மதி. பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு பக்க இடுப்பைத் தூக்கி, காலுக்குப் போகும் நரம்பை நெருக்கும்.

புறப்படும் முன் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அவர் உங்கள் தோளில் இரண்டு தட்டு தட்டினால், காரணம் கேட்காமல், பாதுகாப்பான அடுத்த இடத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் இருபது கிலோமீட்டர்தானே என்ற பேச்சே கூடாது. எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் நான் 'பரவாயில்லை' சொல்வதை விட்டேன்.

சீட் தைக்கக் கொடுக்கும் முன் இன்னொரு கடிதம் எழுதுங்கள். இந்த முறை உங்கள் மனைவி எழுதட்டும்: வலி தொடங்கும் இடம், நேரம், பின்சீட்டில் உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரமா தாழ்வா, அட்டையில் விழுந்த இரண்டு பள்ளத்தின் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர். அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று அவருக்கே பதில் எழுதுகிறேன்.